ஒட்டிய போஸ்டர் விடிவதற்குள் காணோம்! அல்ஃபோன்ஸ் முகாவைத் தெரியுமா?

1895 ஜனவரி 1. பாரிஸில் புத்தாண்டு விடிகிறது. தெருவுக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்! ஏன் தெரியுமா?

சுவரில் ஒரு போஸ்டர். உயரம் 2 மீட்டருக்கும் மேல், அகலம் முக்கால் மீட்டர்கூட இல்லை! கோயில் தூண்போல ஒடுங்கி உயர்ந்த அந்தத் தாளில் ஒரு பெண் ஏறக்குறைய நிஜ ஆள் உயரத்தில் நிற்கிறாள். தலையில் ஆர்க்கிட் பூக்கள். கையில் குருத்தோலை. உடம்பில் பொன்வேலைப்பாடு நெய்த நீண்ட அங்கி. அதுவரை பாரிஸ் சுவர்களில் இருந்ததெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கத்துகிற போஸ்டர்கள். இதுவோ முணுமுணுக்கிறது! வெளிறிய ஊதா, மங்கிய பச்சை, கொஞ்சம் தங்கம், அவ்வளவுதான்!

‘ஜிஸ்மோந்தா’ நாடகத்தின் விளம்பரம் அது. வரைந்தவர் பெயர் அன்று பாரிஸில் அநேகமாக யாருக்கும் தெரியாது. வயது 34. முந்தின வாரம்வரை பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் போட்டு வயிறு கழுவிக்கொண்டிருந்த மனிதர். ஒரே ஒரு போஸ்டர்! அதற்குப் பிறகு அந்தப் பாணிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்!

லீவு நாளில் வந்த வேலை!

இந்த வாய்ப்பு எப்படி வந்தது என்று கேட்டால் ஆடிப்போவீர்கள்! பிற்பாடு முகாவே சொன்ன கதை இது. 1894 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஓவியர்கள் எல்லோரும் லீவு. லெமெர்சியே அச்சகத்தில் ஒரு நண்பருக்குப் பதிலாக உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகா மட்டும்தான். அப்போது தகவல் வருகிறது: நடிகை சாரா பெர்னார்டுக்குப் புதுப் போஸ்டர் வேண்டும். எப்போது? ஜனவரி 1-ஆம் தேதி சுவரில் இருக்க வேண்டும்!

சாரா பெர்னார்டு என்றால் சும்மாவா? ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய நாடக ராணி! வீட்டில் ஒரு சவப்பெட்டி வைத்திருந்து அதற்குள் படுத்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டவர்! அவருக்குப் போஸ்டர் வரைய ஆளே இல்லை, முகாவைத் தவிர! முகாவோ அதுவரை இப்படி ஒரு போஸ்டர் வரைந்து பெயர் வாங்கியவர் இல்லை.

வரைந்தார். அச்சகத்துக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இதென்ன, நிறமே இல்லை, ஆளைவிட உயரமாக இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். வேறு வழியில்லாமல் சாராவிடம் காட்டினார்கள். அவர் பார்த்த உடனே மயங்கிவிட்டார்! முகாவைக் கூப்பிட்டனுப்பி, 6 வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார்! போஸ்டர் மட்டுமா? மேடைக் காட்சி, உடை, நகை, எல்லாவற்றுக்கும் சேர்த்து!

போஸ்டரின் அடிப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். மேலே தலைக்குப் பின்னால் அவ்வளவு நுணுக்கம். கீழே வர வர வேலைப்பாடு குறைந்துவிடும். நேரம் போதவில்லையாம்! அவசரத்தில் அரைகுறையாக நின்றுபோன இடம் இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது!

திருடர்கள் யார் தெரியுமா?

கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான்கள்! ராத்திரியில் சவரக் கத்தியோடு வந்து சுவரிலிருந்து போஸ்டரை அறுத்து எடுத்துப் போனார்களாம்! இன்னும் சிலர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. போஸ்டர் ஒட்டுகிறவர் கையில் காசைத் திணித்து, பசை வாளியில் தூரிகை படுவதற்கு முன்பே சுருட்டி வாங்கிக்கொண்டார்கள்!

பாரிஸில் அப்போது போஸ்டர் சேர்ப்பது ஒரு பைத்தியமாகவே இருந்தது. வீட்டில் மாட்ட அளவு பெரிதாக இருக்கிறதே என்று தவித்தவர்களுக்காக, நல்ல போஸ்டர்களைச் சின்னதாக்கி மாதாமாதம் வெளியிட ஆரம்பித்தார்கள். 1895 முதல் 1900 வரை வந்தவை 256 படங்கள்! அந்தச் சின்னத் தாள்களையே இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்!

முகாவா? முஷாவா?

அவருடைய தாய்மொழியான செக்கில் ‘முகா’. பாரிஸ்காரர்கள் நாக்கில் ‘முஷா’! போலந்து, ஸ்லோவாக் மொழிகளில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஈ! ஆமாம், பறக்கிற ஈ!

1860 ஜூலை 24. மொராவியாவில் இவான்சிட்சே என்ற சின்ன ஊர். அப்பா கோர்ட்டில் டவாலி. குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்பே வரையத் தொடங்கியதாம்! தரையில் தவழ்ந்தபடியே கிறுக்கட்டும் என்று அம்மா ஒரு பென்சிலை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாராம்! பையனுக்குக் குரலும் இனிமை. ப்ருனோ நகரத்துத் தேவாலயத்தில் பாடித்தான் பள்ளிப் படிப்பை ஓட்டினான். குரல் உடைந்தது, பாட்டு போனது, பென்சில் மிஞ்சியது.

18 வயதில் பிராக் நகர ஓவியக் கல்விக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டான். பதில் என்ன தெரியுமா? வேறு தொழில் பார்த்துக்கொள், தம்பி! உங்களுக்கு நம்ப முடிகிறதா? அந்தப் பையன் வரைந்த பண நோட்டில்தான் பிற்காலத்தில் அந்த நகரமே சம்பளம் வாங்கியது! அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஒரு தீ விபத்து இல்லையென்றால்?

19 வயதில் வியன்னாவுக்குப் போய், நாடகக் காட்சித் திரைகள் வரைகிற கம்பெனியில் சேர்ந்தார். 1881 டிசம்பர் 8. வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்டு பல நூறு பேர் இறந்துபோனார்கள். அந்தக் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையே அந்தத் தியேட்டர்தான். தியேட்டர் போனதும் வேலையும் போனது.

அடுத்து அவர் செய்த காரியம் இருக்கிறதே! ரயில் நிலையத்துக்குப் போனார். கையில் இருக்கிற காசுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு டிக்கெட் எடுத்தார்! காசு தீர்ந்த இடம் மிக்குலோவ். யாரையும் தெரியாத ஊர்! ஊர்க்காரர்களின் முகங்களை வரைந்து கடைக் கண்ணாடியில் வைத்தார். அந்தப் பேச்சு வட்டாரத்தில் இருந்த கூயன் பெலாசி என்ற பிரபுவின் காதுக்குப் போனது. என் மாளிகைச் சுவரில் வரைந்து தா என்று அவர் கூப்பிட்டார். பிறகு மியூனிக்கிலும் பாரிஸிலும் படிப்பதற்குப் பணம் அனுப்பியதும் அந்த வீட்டார்தான்!

அதே 1881-இல் பாரிஸில் என்ன நடந்தது தெரியுமா? ஜூலை 29-ஆம் தேதி பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்தது. போஸ்டர் ஒட்டுவதும் அதோடு சுலபமாகிவிட்டது. தடை போட்ட சுவரைத் தவிர எங்கும் ஒட்டலாம்! ‘இங்கே ஒட்டாதே, 1881 ஜூலை 29 சட்டம்’ என்று பெயிண்டில் எழுதிய வரியை இன்றும் பாரிஸ் சுவர்களில் பார்க்கலாம்! வியன்னாவில் ஒரு கதவு எரிந்துகொண்டிருந்த வருடத்தில், பாரிஸில் சுவர்கள் எல்லாம் அவருக்காகத் திறந்துகொண்டிருந்தன!

சலவைக் கணக்கிலிருந்து வந்த போஸ்டர்!

இப்போது ஒரு கிளைக்கதை. இதை விட எனக்கு மனசு வரவில்லை! முகாவின் போஸ்டர்கள் எல்லாம் அச்சானது கல்லில். லித்தோ என்பார்களே, அதேதான். கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். மேலே தண்ணீர் தடவினால் கோடு இருக்கிற இடத்தில் ஒட்டாது. பிறகு அச்சு மை தடவினால் கோட்டில் மட்டும்தான் ஒட்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்ற ஒரே உண்மையை வைத்துத்தான் இவ்வளவும்! ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்! ஒரு தாள் அத்தனை கல்லிலும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்து எழுந்தால்தான் ஒரு போஸ்டர்! ஜிஸ்மோந்தாவுக்கு ஒரு தாளும் போதவில்லை. இரண்டு தாளாக அச்சடித்து, சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து ஒட்டினார்கள்!

கண்டுபிடித்தவர் யார்? அலோயிஸ் செனஃபெல்டர், 1796-இல். நாடகம் எழுதுகிறவர்! அச்சுக்குக் கொடுக்கக் காசில்லாமல் மலிவான வழி தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சலவைக்குப் போகிற துணிக்கணக்கை எழுதிக்கொள் என்று அம்மா சொல்ல, கையில் தாள் இல்லாததால் பக்கத்திலிருந்த கல்லில் எழுதினாராம். அங்கே பிறந்தது லித்தோ! நாடகக்காரர் கண்டுபிடித்த அச்சு, நூறு வருடம் கழித்து நாடகப் போஸ்டரால் உலகப் புகழ் அடைந்தது!

இதற்கு ஏற்ற கல் கிடைப்பது பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற இடத்தில். அங்கே லித்தோவுக்கு வெட்டிய சுண்ணாம்புக் கல்லுக்குள் 1861-இல் என்ன கிடைத்தது தெரியுமா? உலகத்தின் ஆதிப் பறவை ஆர்க்கியோப்டெரிக்ஸ்! அதன் அறிவியல் பெயரின் பின்பாதியே ‘லித்தோகிராஃபிகா’! பறவையின் பெயருக்குள் அச்சகம்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜிஸ்மோந்தா போஸ்டர் வரைந்த அதே 1894-இல்தான் நம் ராஜா ரவிவர்மா பம்பாயில் தன் லித்தோ அச்சகத்தைத் தொடங்கினார்! இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அங்கே சாரா பெர்னார்டு, இங்கே லட்சுமியும் சரஸ்வதியும். ஒரே வருடம், ஒரே கல் அச்சு!

கால்சட்டை இல்லாமல் ஹார்மோனியம்!

பிரபு வீட்டுப் பணம் ஒரு நாள் நின்றுபோனது. பாரிஸில் முகா பயறும் பருப்பும் தின்று நாளை ஓட்டினார். கிராண்ட் ஷோமியேர் தெருவில் மதாம் ஷார்லோத் என்ற அம்மாளின் சின்னச் சாப்பாட்டுக் கடை. ஏழை ஓவியர்களுக்கு அங்கே கடனுக்குச் சோறு! காசுக்குப் பதில் படம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாராம். இப்படி ஒரு அன்னபூரணி இல்லாமல் எந்த ஊரில் கலைஞன் பிழைத்திருக்கிறான்?

அதே கடையில் சாப்பிட்டவர் இன்னொருவர் யார் தெரியுமா? பால் கோகன்! தஹிதியிலிருந்து திரும்பி வந்து தங்க இடமில்லாமல் இருந்த அந்த மாபெரும் ஓவியருக்கு முகா தன் ஸ்டூடியோவில் இடம் கொடுத்தார்! அங்கே முகா எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. கோகன் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருக்கிறார். மேலே கோட்டு. கீழே? கால்சட்டையே இல்லை!

புகைப்படம் என்றால் முகாவுக்கு உயிர். மாடல்களை நிற்கவைத்துத் தானே படம் எடுப்பார். துணி மடிப்பும் கை வளைவும் அதிலிருந்து கல்லுக்குப் போகும். அந்தப் போஸ்டர்களில் உடம்பு ஏன் அவ்வளவு நிஜமாக நிற்கிறது என்று இப்போது புரிகிறதா?

பிஸ்கட், சைக்கிள், சொட்டு நீலம்!

சாரா பெர்னார்டு போஸ்டருக்குப் பிறகு பாரிஸ் வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள். எதற்கெல்லாம் வரைந்தார் தெரியுமா? ஷாம்பெயினுக்கு வரைந்தார், பீருக்கு வரைந்தார். நெஸ்லே கம்பெனிக்கு, சாக்லேட்டுக்கு, வாசனைத் திரவியத்துக்கு, சைக்கிளுக்கு. துறவிகள் மடத்து மதுபானத்துக்குக்கூட! துணிக்குப் போடுகிற நீலத்துக்கும் ஒரு போஸ்டர்! நம் வீட்டில் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவோமே, அந்த வகைதான். அதற்கும் ஒரு தேவதையை நிறுத்தினார்!

சிகரெட் சுற்றுகிற தாளுக்கு 1896-இல் வரைந்த ‘ஜாப்’ போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண் புகைக்கிறாள். கூந்தல்? போஸ்டர் முழுவதும் சுருள் சுருளாகப் பரவி, சட்டத்தைத் தாண்டி வழிகிறது! இந்தக் கூந்தலைப் பிடிக்காத விமரிசகர்கள் சேமியா என்று கேலி செய்தார்கள். அந்தச் சேமியாவைத்தான் உலகம் இன்றுவரை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது! ஒரு பெண் பொது இடத்தில் புகைத்தால் ஊரே முகம் சுளித்த காலம் அது. அவளை அரச குமாரிபோல உட்காரவைத்துவிட்டாரே!

1897-இல் ரயில்வே கம்பெனி ஒன்று மான்டி கார்லோவுக்கு ஆள் வரவேண்டும் என்று போஸ்டர் கேட்டது. வரைந்தார். அதில் ரயில் எங்கே? இல்லவே இல்லை! கடற்கரையில் ஒரு பெண். அவளைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரங்கள். உற்றுப் பார்த்தால் அந்த வட்டங்கள்தான் சக்கரங்கள், வளைந்த காம்புகள்தான் தண்டவாளம்! ரயிலை வரையாமலே ரயில் ஓட்டிய இந்தப் போஸ்டர்தான் அவருடைய விளம்பரங்களிலேயே புத்திசாலித்தனமானது என்பேன்.

பிஸ்கட் கதை இன்னும் ருசி! லெஃபேவ்ர் உதில் கம்பெனிக்காகச் சாரா பெர்னார்டையே வரைந்தார். கீழே சாராவின் கையெழுத்தில் ஒரு சான்றிதழ். இந்தப் பிஸ்கட்டைவிட நல்லதாக ஒன்றும் கண்டதில்லை என்கிறார். அடுத்த வரியிலேயே திருத்துகிறார்: கண்டேன், இரண்டு பிஸ்கட்! நடிகையை வைத்து விளம்பரம் செய்வது இன்று நேற்று வந்ததல்ல, பார்த்தீர்களா?

சாராவுக்கு ஜிஸ்மோந்தா சமயத்தில் வயது என்ன தெரியுமா? 50! போஸ்டரில் பார்த்தால் 25 சொல்வீர்கள்! 1899-இல் ஹாம்லெட்டாக, அதாவது இளவரசனாக, ஆண் வேடத்தில் நடித்தார். அப்போது 54! அதற்கும் முகாதான் போஸ்டர்!

படத்தில் முதலில், கையில் அப்புறம்!

நகையைப் பார்த்து ஓவியர் வரைவதுதானே வழக்கம்? இங்கே தலைகீழ்! 1898-இல் ‘மெடியா’ நாடகத்துக்காக முகா வரைந்த போஸ்டரில், கத்தியேந்திய கையில் ஒரு பாம்பு சுற்றியிருக்கும். சாராவுக்கு அந்தப் பாம்பின்மேல் ஆசை வந்துவிட்டது! முகா வரைந்து கொடுக்க, ஜார்ஜ் ஃபூகே என்ற பொற்கொல்லர் அதை நிஜமாகவே செய்தார். தங்கம், எனாமல், ஓபல், வைரம். கடகத்திலிருந்து மோதிரம்வரை சங்கிலி! அது இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? ஜப்பானில், சகாய் நகர அருங்காட்சியகத்தில்!

ஃபூகேவுக்கு முழுக் கடையையே 1901-இல் வடிவமைத்துக் கொடுத்தார். சுவரில் மயில், விளக்கில் மயில்! பிற்பாடு பாணி மாறியதும் கடையைக் கழற்றிவிட்டார்கள். நல்லவேளை, தூக்கி எறியவில்லை! கதவும் தரையும் விளக்குமாக அப்படியே பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்தில் திரும்பக் கோத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நடந்து போகலாம்!

1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சி. முகா ஒரு யோசனை சொன்னார். கேட்டால் மூச்சு நின்றுவிடும்! ஈபிள் கோபுரத்தின் மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் கால்களின்மேல் ‘மனித குல மண்டபம்’ ஒன்று கட்டலாம் என்றார்! வரைபடங்கள்கூட இருக்கின்றன! கோபுரம் பிழைத்துக்கொண்டது.

போட்டிக்காரர்களுக்குப் பாடப் புத்தகம்!

தன் பாணியை யாரும் திருடிவிடக் கூடாது என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? முகா 1902-இல் என்ன செய்தார் தெரியுமா? பூ, கூந்தல், கரண்டி, நாற்காலி, நகை, எழுத்து, எல்லாவற்றையும் தன் பாணியில் எப்படி வடிவமைப்பது என்று 72 படத்தாள்களாக வரைந்து அச்சடித்து வெளியிட்டுவிட்டார்! பள்ளிகளும் பட்டறைகளும் வாங்கின. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்த கை அது. எனக்கு அவரை ரொம்பப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்குள் பூட்டிக் கிடக்கிற ஓவியத்தைவிட, தெருவில் போகிற ஏழையும் நின்று பார்க்கிற போஸ்டரைத்தான் அவர் பெருமையாக நினைத்தார். டிக்கெட் வேண்டாம், அழைப்பு வேண்டாம், சுவரே கண்காட்சி!

1904-இல் அமெரிக்கா போனார். அங்கே ஆர்மர் கம்பெனிக்கு வாசனை சோப்புப் பெட்டிகள் வரைந்து கொடுத்தார். சோப்பின் பெயரே முகா சோப்பு! அந்தக் கம்பெனியின் அசல் தொழில் என்ன தெரியுமா? இறைச்சி!

20 திரைகள், 18 வருடம்!

இவ்வளவு புகழும் பணமும் வந்த பிறகு முகா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்! எதற்கு? தன் ஸ்லாவ் மக்களின் வரலாற்றை வரைய! அப்போது செக் தேசம் என்று ஒன்று உலகப் படத்திலேயே இல்லை. ஆஸ்திரியப் பேரரசுக்குள் அடங்கிக் கிடந்தது. 1910-இல் தொடங்கினார், 1928-இல் மொத்தத்தையும் பிராக் நகரத்தின் கையில் ஒப்படைத்தார். மொத்தம் 20 ஓவியங்கள். பெரியவை ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம்! ஒரு வீட்டுக்குள் அடங்குமா? ஸ்பிரோ கோட்டையின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சாரம் கட்டி ஏறி நின்று வரைந்தார்!

செலவு யார் தந்தது? சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் கிரேன். குடும்பத் தொழில் தண்ணீர்க் குழாய், வால்வு! குழாய்க் காசில் ஒரு காவியம்!

1918-இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததும் புது நாட்டுக்குத் தபால்தலை வேண்டும், பண நோட்டு வேண்டும். முகா வரைந்தார், கூலி வாங்காமல்! 100 கொருனா நோட்டில் இருந்த தேச மாதாவின் முகம் யாருடையது தெரியுமா? முன்பு அவர் வரைந்த அமெரிக்கக் கிரேனின் மகள் முகம்! வேறு தொழில் பார் என்று சொல்லித் துரத்திய ஊரின் சட்டைப்பையில் எல்லாம் அவர் ஓவியம்!

முதல் தபால்தலையில் ஒரு வேடிக்கை நடந்தது. பிராக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி வரைந்துவிட்டார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அங்கே சூரியன் உதிக்கவே முடியாது! விஷயம் தெரிந்தவர்கள் சொல்ல, பிறகு வந்த தபால்தலைகளில் சூரியன் காணாமல் போனது!

பிராக் நகரத்துப் புனித விட்டஸ் பேராலயத்துக்குப் போனால் 1931-இல் அவர் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள். புனிதர்கள், சிவப்பும் நீலமுமாக வெளிச்சம். கண்ணைக் கீழே கொண்டுவாருங்கள். என்ன எழுதியிருக்கிறது? செலவை ஏற்ற நிறுவனத்தின் பெயர்: பாங்கா ஸ்லாவியா! கோயில் ஜன்னலிலும் விளம்பரத்தை விடவில்லை போஸ்டர்க்காரர்!

1939

மார்ச் 15. ஹிட்லரின் படை பிராக்குக்குள் நுழைந்தது. முகாவுக்கு 78 வயது. தேசத்தை நேசித்து வரைந்தவர், செக் ஃபிரீமேசன் இயக்கத்தின் தலைவர், போதாதா? ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டப்போ பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. விட்டார்கள், ஆனால் உடம்பு விடவில்லை. நிமோனியா. ஜூலை 14-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். 79-ஆவது பிறந்த நாளுக்கு 10 நாள் மிச்சம். கூட்டம் கூடக் கூடாது என்று தடை போட்டிருந்தும், விஷெஹ்ராத் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர் திரண்டு வந்தது!

20 திரைகளும் சுருட்டப்பட்டு ஒளித்துவைக்கப்பட்டன. போர் முடிந்தும் உடனே வெளிவரவில்லை. 1963-இல்தான் மொராவ்ஸ்கி குரும்லோவ் என்ற சிற்றூர் மாளிகையில் மாட்டினார்கள். 2017-இல் அவ்வளவு பெரிய திரைகள் டோக்கியோவரை பறந்துபோய் வந்தன! போஸ்டர்களுக்கோ வேறு விதமான பக்தர்கள் சேர்ந்தார்கள். டென்னிஸ் வீரர் இவான் லெண்டில் நினைவிருக்கிறதா? அவர் சேர்த்து வைத்திருந்த முகா போஸ்டர்கள் நூற்றுக்கும் மேல்! 2013-இல் பிராக்கில் அவற்றைக் கண்காட்சியாகவே வைத்தார்கள்!

இன்னும் ஒன்று! 1963-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முகாவின் போஸ்டர்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. மூன்றே வருடம். 1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி என்ற இரண்டு இளைஞர்கள், அவலான் நடன அரங்கத்தில் நடக்கப்போகிற ராக் கச்சேரிக்குப் போஸ்டர் தயாரித்தார்கள். யாரை எடுத்தார்கள் தெரியுமா? ‘ஜாப்’ போஸ்டரில் புகைக்கிற அதே பெண்ணை! 70 வருடம் கழித்து அவள் கூந்தலுக்குப் பச்சை நிறம் பூசி, ஹிப்பிகள் ஊரில் நிறுத்தினார்கள்!

அந்த ஊரில் அப்போது ஒட்டிய கச்சேரிப் போஸ்டர்கள் என்ன ஆயின தெரியுமா? ஒட்டிய பசை காயவில்லை. சுவரைப் பார்த்தால் போஸ்டரைக் காணோம்!